மிளகுக் கிடங்கில் இரண்டு படுக்கையறை: வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் சென்னையிலிருந்து லண்டன் வந்து எட்டு வருடம் ஆகிறது. ஈஸ்ட் ஹாமில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆறு வயதில் ஒரு மகள். டவர் பிரிட்ஜ் பக்கம், ஷாட் தேம்ஸில், பழைய மசாலாக் கிடங்கு ஒன்றை 1980களில் குடியிருப்பாக மாற்றிய கட்டடத்தில் ஒரு வீட்டைப் பார்த்தோம். ஆறாவது தளம், அதுதான் கடைசி. பதினைந்து அடிக்கு மேல் உயரமான கூடம், இரும்புத் தூண்கள், பூசாத செங்கல் சுவர், கூரையில் பெரிய பெரிய மரச்சட்டங்கள். இரண்டு படுக்கையறை என்று விளம்பரம். ஒன்று தனி அறை. இன்னொன்று, கூடத்துக்கு மேலே மரப்படி ஏறிப் போகும் மெஸனைன். நம்ம ஊர்ப் பரணைப் பெரிதாகக் கட்டியது மாதிரி. விலை 8,50,000 பவுண்டு. குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் வீடு நம்முடையதாக இருக்கும் லீஸ்; அதில் 84 வருடம் பாக்கி. கட்டடப் பராமரிப்புக்கான சர்வீஸ் சார்ஜ் வருடத்துக்கு 7,400 பவுண்டு. கீழ்த்தளத்தில் உணவகங்கள். “நம்ம ஊர் மிளகும் ஏலக்காயும் வந்து இறங்கின இடத்திலேயே குடியிருக்கப் போகிறோம்” என்று கணவர் ஆசையாகச் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தை வந்தால் ஆறு மாதம் எங்களுடன் தங்குவார். அவருக்கு மூட்டு வலி. மேடவாக்கத்தில் எங்களுக்கு ஒரு ஃபிளாட் இருக்கிறது, வாடகைக்கு விட்டிருக்கிறோம். இந்த வீட்டை வாங்கலாமா?

ஒரு வாசகி, லண்டன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணங்களுக்கு வருகிறேன். வாங்கலாம். ஆனால் அந்தப் பரண் படுக்கையறைக்கு உரிய மூன்று காகிதங்களும், பத்திர வேலை பார்க்கும் உங்கள் வக்கீலான சொலிசிட்டர் கைக்கு வராத வரை, இரண்டு படுக்கையறை வீட்டின் விலையைக் கொடுக்காதீர்கள். இப்படிப்பட்ட கட்டடத்தில் வீட்டுக்குள் இருக்கும் குறைகளைக் கொஞ்சம் காசு செலவழித்துச் சரிசெய்துவிடலாம். வீட்டுக்கு வெளியே, கட்டடத்தில் இருக்கும் குறைகளுக்குத்தான் வருடக்கணக்கில் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். எப்போது, எவ்வளவு என்பதும் உங்கள் கையில் இருக்காது. அதனால் சுவரையும் தூணையும் ரசித்த அதே கவனத்தோடு கட்டடத்தின் கணக்குப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும்.

உங்கள் கணவரின் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. நான் சர்வேயராக வேலை பார்க்கும் இந்த ஊரில், எனக்கு மிகவும் பிடித்த கட்டடங்கள் இந்தக் கிடங்குகள்தான். ஷாட் தேம்ஸில் உள்ள பட்லர்ஸ் வார்ஃப் கிடங்கு வளாகம் 1871 முதல் 1873 வரை கட்டப்பட்டது. டவர் பிரிட்ஜுக்கே மூத்தது, பாலம் திறந்தது 1894இல்தான். இலங்கை மலைகளில் நம் மக்கள் கிள்ளிய தேயிலை இந்தக் கரையில்தான் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. பக்கத்துக் கட்டடங்கள் இன்றும் பட்டை, கிராம்பு, ஏலக்காய் என்ற பெயர்களோடுதான் நிற்கின்றன. கப்பல்கள் ஆற்றில் கடல் பக்கமாக உள்ள துறைமுகங்களுக்குப் போய்விட, பட்லர்ஸ் வார்ஃப் 1972இல் மூடப்பட்டது. எதிர்க்கரையில் வாப்பிங்கில் ஆலிவர்ஸ் வார்ஃப் என்ற தேயிலைக் கிடங்கை வீடுகளாக மாற்றியதும் அதே 1972இல்தான். ஷாட் தேம்ஸ் பக்கம் அந்த வேலை 1980களில், வடிவமைப்பாளர் டெரன்ஸ் கான்ரன் கையில் எடுத்த பிறகு மும்முரமாக நடந்தது.

இந்த 1980கள் என்பதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். செங்கல்லுக்கு நூற்றைம்பது வயது. அதற்கு இன்னும் நூறு வருடம் தெம்பு இருக்கிறது. ஆனால் லிஃப்ட், குழாய்கள், மின்கம்பிகள், கூரையின் மேல்மூடி எல்லாம் நாற்பது வயதுக்காரர்கள். ஒன்றாகப் போட்டவை, ஒன்றாகத்தான் மாற்றும் காலத்துக்கு வரும்.

சரி, பரணுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உடனே நிறுத்திய விஷயம் அதுதான்.

1980களில் மாற்றியபோதே அந்தப் பரண் இருந்ததா, அப்புறம் யாராவது ஒரு உரிமையாளர் கட்டினாரா என்று முதலில் கேளுங்கள். லீஸோடு ஒட்டியிருக்கும் வரைபடத்தில் அது இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் மூன்று காகிதம் வேண்டும். கட்டடம் வரலாற்றுப் பட்டியலில் இருந்தால் சதர்க் கவுன்சில் கொடுத்த லிஸ்டட் பில்டிங் அனுமதி. ஃப்ரீஹோல்டர், அதாவது நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரர், மாற்றத்துக்கு எழுத்தில் கொடுத்த ஒப்புதல். கட்டட விதிகளின்படி வேலை முடிந்தது என்ற சான்றிதழ். மூன்றும் வேறு வேறு ஆட்கள் கொடுப்பவை. ஒன்று இருக்கிறது என்பதால் மற்றது இருக்கும் என்று அர்த்தம் இல்லை.

பட்டியலில் உள்ள கட்டடத்தில் அனுமதியில்லாமல் மாற்றம் செய்வது இந்த நாட்டில் குற்றம். அந்தக் குற்றம் செய்தவரோடு போய்விடும். ஆனால் “அதை இடித்துப் பழையபடி ஆக்கு” என்ற உத்தரவு இன்றைக்கு யார் உரிமையாளரோ அவருக்கு வரும். இத்தனை வருடம் கழித்து அனுப்பக் கூடாது என்ற காலவரம்பும் அதற்குக் கிடையாது. சாதாரண வீடுகளில் “பழைய வேலைதானே, இனிமேல் யார் கேட்கப்போகிறார்கள்” என்று சொல்வார்கள். அந்தப் பேச்சை இங்கே நம்பாதீர்கள்.

காகிதம் இல்லையென்றால் விற்பவரின் தரப்பிலிருந்து ஒரு இன்டெம்னிட்டி காப்பீடு எடுத்துத் தருகிறோம் என்பார்கள். கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் பண நட்டத்தைத்தான் அது ஈடுகட்டும். பரண் பத்திரமானது என்று அது சொல்லவில்லை. இன்னொன்று, கவுன்சிலைக் கூப்பிட்டு “இதற்கு அனுமதி இருக்கிறதா” என்று நீங்களே விசாரித்துவிட்டால், பெரும்பாலும் அந்தக் காப்பீடு கிடைக்காமல் போய்விடும். கவுன்சிலின் இணையதளத்தில் பழைய விண்ணப்பங்களைத் தேடிப் பார்ப்பது வேறு, அது பொதுப் பதிவு. போன் போடுவதற்கு முன்னால் சொலிசிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காகிதத்தை விட எனக்குப் பெரிய கவலை நெருப்பு. கீழே திறந்த சமையலறை, மேலே யாரோ தூங்குகிறார்கள். இரவில் அடுப்புப் பக்கம் தீப்பிடித்தால் புகை நேரே அந்தப் பரணுக்குத்தான் ஏறும். மேலே இருப்பவர் இறங்கி, அதே கூடத்தைத் தாண்டித்தான் வாசலுக்கு வர வேண்டும். இங்கிலாந்தின் தீப்பாதுகாப்பு வழிகாட்டி இந்த மாதிரித் திறந்த பரணுக்குச் சில அளவுகள் சொல்கிறது. பரணில் நின்றால் கீழே கூடத்தில் பாதியாவது கண்ணில் பட வேண்டும். பரணின் எந்த மூலையிலிருந்தும் படியின் மேல்முனைக்கு 7.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. படியிறங்கிய இடத்திலிருந்து கூடத்தின் கதவு 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அடுப்பு, படிக்கு எட்டத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தீயைத் தாங்கும் தடுப்புக்குள் இருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது ஒரு டேப் எடுத்துப்போய் நீங்களே அளந்து பாருங்கள். பரணைத் தனி அறையாகக் காட்டுவதற்காகச் சிலர் கண்ணாடியோ பலகையோ வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைத்துவிட்டால் கீழே தீப்பிடித்தது மேலே தெரியாது. இந்த அளவுகளுக்குப் பொருந்தாத இடங்களில் தீயை அணைக்கத் தண்ணீர் பீய்ச்சும் தெளிப்பான் போன்ற வேறு ஏற்பாடு செய்து அனுமதி வாங்கியிருப்பார்கள். அப்படியானால் அதற்கும் காகிதம் இருக்க வேண்டும்.

மகளுக்காக இன்னொன்றும் பாருங்கள். பரணின் கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையில் 100 மில்லிமீட்டர் உருண்டை நுழையக் கூடாது என்பது விதி. கிடைமட்டக் கம்பிகள் பார்க்க அழகுதான், ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ஏணி.

அப்புறம் பரணுக்குக் கீழே நின்று, அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அண்ணாந்து பாருங்கள். தனி எஃகுக் கால்களில் நின்றால் நல்லது. கனமான செங்கல் சுவரில் முறையாக ஏற்றியிருந்தாலும் பரவாயில்லை. பழைய இரும்புத் தூணில் துளை போட்டு போல்ட் முடுக்கியிருந்தாலோ, பற்றவைத்திருந்தாலோ எனக்குப் போட்டோ அனுப்புங்கள். அதை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் அடுத்த அடி வைக்க வேண்டாம். அந்தத் தூண்கள் வார்ப்பிரும்பு. மேலிருந்து அழுத்துகிற பாரத்தை நன்றாகவே தாங்கும். பக்கவாட்டில் இழுத்தாலோ வளைத்தாலோ எஃகு மாதிரி வளைந்து கொடுக்காது, பட்டென்று உடையும். தூணின் தலையும் உத்தரமும் சேரும் இடத்தில் முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பெயின்ட் அடுக்குகள் அதை மறைத்திருக்கும்.

தரையின் பலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: கவலையே வேண்டாம். மூட்டை மூட்டையாக அடுக்குவதற்கென்று போட்ட தளம் அது. உங்கள் புத்தக அலமாரியும் கிரைண்டரும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

நெருப்பைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் அந்தக் கரையின் வரலாறும்தான். 1861 ஜூனில், உங்கள் கட்டடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், டூலி தெருக் கிடங்குகள் தீப்பிடித்து இரண்டு வாரம் எரிந்தன. சணல், பருத்தி, சர்க்கரை, தேயிலை, மசாலா என்று எல்லாம் உள்ளே. தீயைத் தடுப்பதற்கென்றே வைத்த இரும்புக் கதவுகள் திறந்து கிடந்தன. லண்டன் தீயணைப்புப் படையின் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் சுவர் சரிந்து அங்கேயே இறந்தார். அதற்குப் பின்னால்தான் 1865இல் சட்டம் போட்டு, நகரத்துக்கென்று அரசுத் தீயணைப்புப் படையை அமைத்தார்கள். இன்றைக்கும் அதே கேள்விதான்: உங்கள் வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவில் இருக்கும் மரத்தளத்தில், குழாயும் கம்பியும் புகுந்து போகும் ஓட்டைகள் ஒழுங்காக அடைக்கப்பட்டிருக்கின்றனவா? அழகான பலகைக்குக் கீழே இருப்பதால் வந்து பார்க்கிற யாருக்கும் அது தெரியாது. கட்டடத்தின் தீ அபாய மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்கி முழுவதும் படியுங்கள். உடனே செய்ய வேண்டியவை என்று அதில் எழுதியிருப்பவை செய்து முடிக்கப்பட்டனவா என்பதுதான் முக்கியம். இந்த உயரக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டின் வாசல்கதவையும் வருடத்துக்கு ஒரு முறையாவது சோதிக்க முயல வேண்டும் என்று 2023 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. அந்தப் பதிவையும் கேளுங்கள். பதிவே இல்லை என்றால் நிர்வாகம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இங்கே ஏஜென்ட் ஒரு சமாதானம் சொல்லக்கூடும். 2022இல் வந்த கட்டடப் பாதுகாப்புச் சட்டம் லீஸ்காரர்களைக் காப்பாற்றுகிறது, தீப்பாதுகாப்புக் குறைகளுக்கு உங்களிடம் பெரிய தொகை வாங்க முடியாது என்று. பொதுவாக அது உண்மைதான். குறைந்தது 11 மீட்டர் உயரமோ குறைந்தது ஐந்து தளங்களோ உள்ள கட்டடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. 2022 பிப்ரவரி 14 அன்று அந்த வீட்டின் உரிமையாளர் யார், அது அவர் குடியிருந்த வீடா என்பதைப் பொறுத்து அது வீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். அதற்கான சான்றிதழை விற்பவரிடம் வாங்குங்கள். ஆனால் சட்டத்துக்குள் ஒரு கோடு இருக்கிறது. 2022 ஜூனுக்கு முந்தைய முப்பது வருடத்தில் செய்த வேலைகளால் வந்த குறைகளுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. உங்கள் கட்டடத்தை மாற்றியது 1980களில். அன்றைக்கு அடைக்காமல் விட்ட ஓட்டையை நாளைக்கு அடைத்தால், அந்தச் செலவு உங்கள் சர்வீஸ் சார்ஜில் வந்து உட்காரலாம். கிடங்கு வீடு வாங்குபவர்களில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

அந்த 7,400 பவுண்டு அதிகமா, நியாயமா என்று கேட்பீர்கள். தொகையை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. குறைவாக இருப்பது சில நேரம் பெரிய ஆபத்து. வேலைகளைத் தள்ளிப்போட்டு வருகிறார்கள் என்று அர்த்தம். சொலிசிட்டர் எல்பிஇ1 என்ற கேள்விப் படிவத்தை நிர்வாகத்துக்கு அனுப்புவார். அதோடு மூன்று வருடக் கணக்கு வரும். சேமிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அப்புறம் செக்‌ஷன் 20 நோட்டீஸ் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு வீட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் வரும் எந்தப் பெரிய வேலைக்கும் முன்கூட்டியே அந்த நோட்டீஸ் கொடுத்துக் கலந்துபேச வேண்டும். நோட்டீஸ் வந்துவிட்டு, பில் இன்னும் வராமல் இருந்தால், அந்தத் தொகையை விற்பவர் தலையில் கட்டவோ, அவர் பணத்தில் ஒரு பகுதியைச் சொலிசிட்டரிடம் நிறுத்திவைக்கவோ பேரம் பேசலாம். வாங்கின பிறகு பேச முடியாது.

கணக்கில் வராத இரண்டு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். ஒன்று, தெருவுக்குக் குறுக்கே போகும் அந்த இரும்புப் பாலங்கள். பீப்பாய்களை ஒரு கிடங்கிலிருந்து இன்னொன்றுக்கு உருட்டிப் போவதற்காகப் போட்டவை. இன்று பலருக்குப் பால்கனி. அதன் துருவுக்கும் பெயின்ட்டுக்கும் யார் பொறுப்பு, உங்கள் கட்டடமா, எதிர்க் கட்டடமா, இரண்டுமா? அந்தக் குறுகலான தெருவில் சாரம் கட்டுவதே தனிச் செலவு. இரண்டாவது, ஆற்றுச் சுவர். உங்கள் கட்டடம் தேம்ஸை ஒட்டியே நிற்கிறது என்றால், வெள்ளத் தடுப்புச் சுவரைப் பராமரிப்பது கரைக்காரரின் பொறுப்பு. 1879ஆம் வருடச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். கடல்மட்டம் ஏறுவதால் லண்டன் நடுப்பகுதியின் கரைச்சுவர்களை 2050க்குள் உயர்த்த வேண்டும் என்பது தேம்ஸ் முகத்துவாரத் திட்டம். ஆறாவது மாடிக்குத் தண்ணீர் வராது, பில் வரும். உள்தெருவில் இருக்கும் கட்டடம் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

லீஸ் 84 வருடம். எண்பதுக்குக் கீழே இறங்கினால், நீட்டிக்கும்போது அதனால் கூடும் மதிப்பில் பாதியை ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். 2024இல் நிறைவேறிய சட்டம் அதை எடுத்துவிடச் சொல்கிறது, ஆனால் அதன் பிரிவுகள் ஒவ்வொன்றாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன. நீங்கள் கையெழுத்துப் போடும் நாளில் எது அமலில் இருக்கிறது என்று சொலிசிட்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நல்ல செய்தி ஒன்று: வாங்கி இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி 2025 ஜனவரி 31 முதல் இல்லை. வாங்கிய உடனேயே நீட்டிப்புக்கு மனுக் கொடுக்கலாம். அதற்கு ஆகும் செலவை ஒரு மதிப்பீட்டாளரிடம் கேட்டு, இப்போதே விலைப் பேச்சில் சேர்த்துவிடுங்கள். கீழே உணவகங்கள் இருப்பதும் இதில் வருகிறது. வீடுகள் அல்லாத பகுதி கட்டடத்தில் கால் பங்குக்கு மேல் இருந்தால், குடியிருப்பவர்கள் சேர்ந்து நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை முன்பு கிடையாது. 2025 மார்ச்சிலிருந்து அந்த வரம்பு பாதியாக உயர்ந்திருக்கிறது. நிர்வாகம் சரியில்லை என்றால் மாற்றுவதற்கு ஒரு வழி இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது.

சுவருக்கு வருகிறேன். அடுத்த முறை போகும்போது ஒரு கறுப்புத் துணி எடுத்துப்போங்கள். செங்கல் மேல் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். செம்மண் நிறத்தில் தூள் வந்தால், 1980களில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். சூளையில் வெந்தபோது செங்கல்லுக்கு வரும் கெட்டியான மேல்தோல் அதில் போய்விடும். உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதி காலமெல்லாம் தூளாக உதிர்ந்துகொண்டே இருக்கும். சோபா மேலும், துவைத்துக் காயப்போட்ட துணி மேலும். வாழ முடியாத குறை அல்ல, ஆனால் மகளுக்கு வீசிங் இருந்தால் யோசியுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள பூச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். வெளுப்பாக, கொஞ்சம் பொடியாக வந்தால் பழைய சுண்ணாம்புக் கலவை, நல்லது. சாம்பல் நிறத்தில் கல் மாதிரி இருந்தால் யாரோ சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள். உள்ளே இறங்கிய மழைநீர் சுண்ணாம்பு வழியாக மூச்சு விட்டு வெளியேறும். சிமென்ட் வழியாகப் போக முடியாமல், செங்கல்லையே பிளந்துகொண்டு வெளியே வரும். வெளிச்சுவரிலும் இதே சிமென்ட் பூச்சு இருந்தால் அது கட்டடம் முழுவதற்குமான செலவு.

சமையலையும் சத்தத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டியலில் உள்ள கட்டடத்தின் வெளிச்சுவரில் புகைபோக்கிக்குத் துளை போட அனுமதி எளிதில் கிடைக்காது. அதனால் இந்த வீடுகளில் பெரும்பாலும் காற்றை வடிகட்டி மறுபடி வீட்டுக்குள்ளேயே விடும் ஹூட்தான் இருக்கும். நீங்கள் தாளிக்கிற கடுகும் பெருங்காயமும் நேரே பரணில் உள்ள மெத்தைக்குப் போகும். வெளியே போகும் குழாய் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஹூட்டைத் திறந்து பாருங்கள்; இருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். சத்தம் உங்களுக்கு மேலிருந்து வராது, கடைசி மாடி. ஆனால் நீங்கள் கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம். மாற்றிக் கட்டும் வீடுகளில் தளத்தின் சத்தத் தடுப்பை அளந்து காட்ட வேண்டும் என்ற விதி 2003இல்தான் வந்தது. இது அதற்கு முந்தைய வேலை. மரத்தளத்தில் பிள்ளை ஓடினால் கீழே எல்லாம் கேட்கும். கார்ப்பெட் போட்டே ஆக வேண்டும் என்று லீஸில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். ஜன்னல்கள் ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால் மாற்ற விடமாட்டார்கள். உள்பக்கமாக இன்னொரு கண்ணாடிச் சட்டம் வைத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் தடை இருக்காது. குளிருக்கும் உணவகச் சத்தத்துக்கும் அது நன்றாகவே உதவும்.

அத்தையைப் பற்றி. தனி அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் மூவரும் பரணில் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். அதாவது வருடத்தில் பாதி, மகளும் நீங்களும் அந்தத் தீ விஷயத்தின் நடுவில் தூங்குவீர்கள். அதனால்தான் அளவுகளை இத்தனை விரிவாக எழுதினேன். லிஃப்ட் ஆறாவது தளம் வரை வருகிறதா, கடைசியில் அரைப் படிக்கட்டு ஏற வேண்டுமா என்று பாருங்கள். பழைய கிடங்குகளில் தளங்கள் சமமாக இருக்காது. லிஃப்ட் போன வருடம் எத்தனை நாள் நின்றது என்று ஏஜென்ட்டைக் கேட்காதீர்கள், வாசலில் பார்க்கிற குடித்தனக்காரர் ஒருவரைக் கேளுங்கள்.

கடைசியாக மேடவாக்கம். கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி பல பத்தாயிரம் பவுண்டு பெறும். 8,50,000 பவுண்டு வீட்டுக்கு வழக்கமான முத்திரை வரி 32,500. உலகத்தில் எங்காவது 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள இன்னொரு வீடு உங்கள் பேரிலோ கணவர் பேரிலோ இருந்தால், மொத்த விலையின் மேல் கூடுதலாக ஐந்து சதவீதம் கட்ட வேண்டும். அது 42,500. ஆக 75,000 பவுண்டு. ஒருவர் பேரில் மட்டும் வாங்கினாலும் கணவன் மனைவியைச் சேர்த்தேதான் பார்ப்பார்கள். வாடகை வீட்டிலிருந்து போவதால், “சொந்த வீட்டை மாற்றுகிறேன்” என்ற விலக்கும் உங்களுக்கு வராது. இங்கே வீடு உங்கள் கைக்கு வரும் நாளுக்கு முன்னால் மேடவாக்கம் ஃபிளாட் விற்றுப் பத்திரம் பதிவாகியிருந்தால் அந்த 42,500 இல்லை. விற்பதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப முடிவு, இந்தியாவில் விற்ற லாபத்துக்கு வரும் வரியையும் பார்க்க வேண்டும். ஆனால் லண்டன் வீட்டுக்கு விலை பேசுவதற்கு முன்னால் முடிவெடுங்கள், பேசிய பிறகு அல்ல.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். ஏஜென்ட்டுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பரணுக்கான மூன்று காகிதம், தீ அபாய மதிப்பீடு, மூன்று வருடக் கணக்கு ஆகியவற்றைக் கேளுங்கள். அவை வரும் வரை விலை சொல்லாதீர்கள். வந்த பிறகு, வீட்டை விரிவாகச் சோதிக்கும் லெவல் 3 சர்வேக்கு ஆள் வையுங்கள். வங்கி அனுப்பும் மதிப்பீடு வங்கிக்காகச் செய்வது, அது போதாது. சர்வேயரிடம் பழைய கிடங்குகளில் வேலை செய்த அனுபவம் இருக்கிறதா என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள். காகிதங்கள் சரியாக இருந்து, பரணும் அளவுகளுக்குப் பொருந்தினால், கேட்ட விலைக்கு அருகில் கொடுப்பதில் தப்பில்லை; இப்படிப்பட்ட வீடு அடிக்கடி விற்பனைக்கு வராது. காகிதம் இல்லையென்றால், அதே கட்டடத்தில் ஒரு படுக்கையறை வீடு என்ன விலைக்குப் போனது என்று நிலப் பதிவேட்டில் பார்த்து அந்த விலையைச் சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஷாட் தேம்ஸிலும் வாப்பிங்கிலும் இன்னும் கிடங்குகள் இருக்கின்றன. மூன்றாவது மாடியில், பரண் இல்லாமல், இரண்டு நிஜமான அறைகளோடு ஒன்று வந்தால் அத்தைக்கும் அதுதான் வசதி.